கொங்கு நாட்டு ஆவாரை: மலரும் பட்டையும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்தும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காந்தளுக்கும் முல்லைக்கும் கிடைத்த பெருமை அதற்குக் கிடைக்கவில்லை. திணைக்குப் பெயராகும் பேறும், வேந்தர்க்குக் குடிப்பூவாகும் பேறும் அதற்கு வாய்க்கவில்லை. எனினும் சங்கப் பாடல்களில் அது வருமிடம் குறிப்பிடத்தக்கது. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, ஊரறிய மன்றிலே ஏறும் மடலூர்தல் என்னும் துறையிலேயே ஆவிரை தனித்துத் தோன்றுகிறது. மதுரைக் காஞ்சிப் புலவன் பாடிய குறுந்தொகை 173ஆம் பாடலில் அம்மடற்குதிரைக்கு ஆவிரை மாலை அணிவிக்கப்படுகிறது. நெய்தற்கலியின் மடற்பாடல்களில் எருக்கு, பூளை ஆகியவற்றோடு சேர்த்துத் தலைவனே அதனைச் சூடிக்கொள்கிறான்.

எருக்கு, பூளை, ஆவிரை ஆகிய மூன்றும் எவரும் சூடாத பூக்கள். நாணம் துறந்தமைக்கு அடையாளமாகவே தலைவன் அவற்றைச் சூடினான் என்று விளக்குவது நம் வகுப்பறை வழக்கம். விளக்கம் சரியே. ஆயின் எவரும் சூடாத பூக்கள் பலவிருக்க, இம்மூன்றும் ஏன் ஒருங்கே வந்தன? இதற்கு விடை உரைகளிற் கிடைப்பதைக் காட்டிலும் நிலத்திற் கிடைக்கும் என்பது என் கருத்து. இம்மூன்றும் ஊரின் புறத்தே, உழவு படாத நிலத்தில், எவரும் நீர் வார்க்காமல் வளர்பவை. வறண்ட தமிழ்நிலத்தில் ஊர்ப்புறம்போக்கைக் காண்போர் இன்றும் இவற்றை அருகருகே காணலாம். ஊரின் ஒழுங்கை விட்டு வெளியேறியவன் ஊருக்கு வெளியே வளரும் பூக்களைச் சூடுகிறான். செடி வளரும் இடமே துறையின் பொருளாகிறது. இலக்கியம் பயில்வோர் செடிநூலையும் சற்றுப் புரட்டவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவியரங்குகளிலும் ஆவாரம்பூ பலமுறை பூத்திருக்கிறது. பெரும்பாலும் பொன்னுக்கு உவமையாகவும், மஞ்சள் பூசிய மங்கையர் முகத்துக்கு உவமையாகவும் அது வந்துள்ளது. அவ்வுவமைகளை நான் குறை கூறவில்லை. ஆயினும் கொங்கு நாட்டின் வரலாற்றில் ஆவாரை மலரைக் காட்டிலும் அதன் பட்டைக்கே பங்கு மிகுதி. பட்டையைப் பாடியவர் எவரும் உளராகத் தெரியவில்லை.

முதலில் செடியைப் பற்றிச் சில சொல்லவேண்டும்.

ஆவிரை, ஆவாரை, ஆவாரம் என்பன ஒரு சொல்லின் வடிவங்கள். கன்னடத்தில் ஆவரிகெ என்றும் தங்கடி என்றும், தெலுங்கில் தங்கேடு என்றும் வழங்கும். லின்னேயசு 1753இல் இதற்குக் காசியா ஆரிக்குலேட்டா என்று பெயரிட்டார். ஆரிக்குலேட்டா என்பது காது போன்றது எனப் பொருள்படும். இலைக்காம்பின் அடியில் இருபுறமும் அகன்று வளைந்து நிற்கும் இலையடிச் செதில்களைக் கண்டு இட்ட பெயர் அது. பொன்மலரைக் கண்ட நம் புலவர்க்கும், செதிலைக் கண்ட அயல்நாட்டறிஞர்க்கும் உள்ள பார்வை வேறுபாடு சுவையானது. 1832இல் வெளிவந்த இராக்சுபரோவின் நூலில் இது சென்னா என்னும் இனத்திற்கு மாற்றப்பட்டது. 1982இல் நிகழ்ந்த மறுஆய்வுக்குப் பின்னர் அப்பெயரே பெரிதும் நிலைபெற்றுள்ளது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்தது கொங்கு நாடு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை தன் மேற்குச் சரிவிலேயே பெற்றுக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வருமளவுக்கு மழை வருவதில்லை. கோவைச் சமவெளியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் செல்லச் செல்ல நிலம் மேலும் வறளும். அதிலும் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் சரளையும் செவ்வலும் வெயிலில் காயும். ஆவாரைக்கு இந்நிலமே உகந்தது. செவ்வல், கரிசல், சரளை, சுண்ணாம்புக்கல் கலந்த மண், சற்று உவர்ப்பேறிய மண் ஆகிய எதையும் அது வெறுப்பதில்லை. நீர் தேங்கி நிற்பதையும் அடர்ந்த நிழலையும் மட்டுமே அது பொறாது. ஆணிவேர் ஆழச் செல்லும்; மேலே வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் அதில் வாய் வைப்பதில்லை. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் மேயப்பட்டுக் கட்டாந்தரையாகத் தெரியும் கோடையிலும் ஆவாரை பச்சையாக நிற்பது இதனாலேயே.

விதையின் தோல் கடினமானது. கீறியோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தாலன்றி எல்லா விதையும் ஒருசேர முளைப்பதில்லை. வெளியிலும் அவ்வாறே: சில விதைகள் முதல் மழைக்கு முளைக்கும், சில காத்திருக்கும். ஓராண்டு மழை பொய்த்தாலும் மண்ணில் மறுமுறைக்கு விதை இருக்கும். நாற்றுவிட்டு நடுவதைக் காட்டிலும் மழைக்கு முன் நேரே விதைப்பதே நன்று. ஆணிவேர் ஒடிந்தால் செடி தேறுவது அரிது.

மலரைப் பற்றி ஒரு செய்தி கவிஞர்க்குப் பயன்படலாம். ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனித்துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு என நாம் வழங்கும் பெரிய தச்சன்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும்போதுதான் மகரந்தம் பொடியாகச் சிதறி வெளிவரும். அத்தேனீ பூவில் இருக்கும்பொழுது எழும் உரத்த முரற்சி இதனால் எழுவது. தேனுண்டு மயங்கிப் பாடும் வண்டு என்னும் மரபுத் தொடரை ஆவாரைக்கு ஏற்றிச் சொல்ல இயலாது. தேன் இருப்பது பூவில் அன்று, இலைக்காம்பில். ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் இடையே நிமிர்ந்து நிற்கும் சிறு சுரப்பிகள் எறும்புகளை ஈர்க்கின்றன.

இனி வழக்காற்றுக்கு வருவோம். சங்கத் தலைவன் நாணம் துறந்து சூடிய அதே பூவும் பூளையும் இன்று கொங்கு நாட்டில் மங்கலத்துக்கு உரியனவாக நிற்கின்றன. பொங்கலுக்கு முன்நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வீட்டின் கூரையிலும் நிலையிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவது காப்புக்கட்டு. மாட்டுப்பொங்கலன்று பட்டியில் சாணத்தால் கட்டும் தெப்பக்குளத்தை ஆவாரம்பூ அணி செய்யும். பொங்கலை ஒட்டிய பூப்பறிக்கும் நோன்பில் பெண்கள் கூட்டமாகக் காட்டுக்குச் சென்று ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடித்துத் திரும்புவர். தெலங்கானத்தில் பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களுள்ளும் தங்கேடு முதன்மையானது. 2014இல் மாநிலம் பிறந்தபின் அதுவே அவர்களின் மாநில மலராயிற்று. நமக்குச் செங்காந்தள் மாநில மலர்; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் பெண்கள் கூடிப் பாடும் விழா ஒரு செடிக்குத் தந்த மதிப்பை அரசும் ஏற்றது என்பது எண்ணத்தக்கது.

மடலுக்குரிய பூ எவ்வாறு காப்புக்குரிய பூவாயிற்று? மாற்றம் நிகழ்ந்ததாகவே நான் கருதவில்லை. ஊரெல்லையில் நிற்பதே காவலாகும். காட்டின் விளிம்பில் இருப்பதை வீட்டின் விளிம்பான நிலையில் செருகும்போது அது காப்பாகிறது. மனிதன் தலையில் சூடும்போது அது எல்லை மீறலாகிறது. பூ ஒன்றே, இடம் வேறு. மார்கழி, தையில் வேறு காட்டுப்பூக்கள் அரிதாகும்போதும் வடகிழக்கு மழை உண்ட ஆவாரை நிறைந்து பூத்திருப்பது நடைமுறைக் காரணம். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு இடமில்லை எனப் பொருள்படும் பழமொழியையும், மதுமேகத்துக்குச் சித்த மருத்துவர் தரும் ஆவாரைக் குடிநீரையும் இத்துடன் எண்ணிப் பார்க்கலாம். பழமொழியை நம்பி மருந்தை நிறுத்துவோர் உளர் என்பதால், அது பழமொழிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கோவை நகரின் ஊர்ப்பெயர்களிலும் இவ்விரு செடிகள் உள்ளன. ஆவாரம்பாளையம் வெளிப்படை. அதனை அடுத்துள்ள பீளமேடு, பூளைப்பூ மலிந்த மேடாதலின் பூளைமேடு எனப் பெற்றுத் திரிந்தது என்பர். மில்லும் வார்ப்படச் சாலையும் வருமுன் அப்பகுதி எவ்வகை நிலமாக இருந்தது என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. இவ்வூர்களுக்கு மீண்டும் வருவேன்.

இனிப் பட்டை. ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்பொருள் உண்டு. விலங்கின் பச்சைத்தோலிலுள்ள புரதத்தோடு இத்துவர் இணையும்போது தோல் அழுகும் தன்மை நீங்கிப் பதப்பட்ட தோலாகிறது. செடியை அடியோடு வெட்டி, தண்டைத் தட்டிப் பட்டையுரித்து உலர்த்துவர். வெட்டிய அடி மீண்டும் தழைக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பைபோல் தைத்து, இடித்த பட்டையும் நீரும் உள்ளே நிரப்பித் தொங்கவிடுவது சிற்றூர்களின் பழைய முறை. ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிர்நிறமாக அமையினும் வெயில் பட்டால் செந்நிறம் ஏறும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் இடுவர். 1800இல் மைசூர், கோவைப் பகுதிகளில் பயணம் செய்து 1807இல் நூல் வெளியிட்ட பிரான்சிசு புக்கானன், மைசூர் நாட்டில் தங்கடிப் பட்டையால் தோல் பதனிடுவதைப் பதிவு செய்துள்ளார்.

கொங்கு நாட்டில் இத்தோல் எதற்காயிற்று? செருப்பு, வார், பறை ஆகியன எங்குமுள்ளவை. கொங்குக்குத் தனித்தன்மை தந்தது கவலை. ஆற்றுப்பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் பாறையைக் குடைந்து ஆழ்கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டி நீர் இறைப்பதே இங்கு வேளாண்மை. கிணற்றுள் இறங்கும் பறியும், அதன் அடியில் நீரை வாய்க்காலில் விடும் தும்பியும் தோலால் ஆனவை. பின்னர்ப் பறி இரும்புத் தகட்டுக்கு மாறியபோதும் தும்பி தோலாகவே நீடித்தது. நாள் முழுதும் நனைந்தும் காய்ந்தும் கல்லில் உராய்ந்தும் தேயும் அத்தோலைப் பதனிட்டுத் தைத்துத் தந்தவர் மாதாரி என இங்கு வழங்கப்பட்ட அருந்ததியர். தும்பி கிழிந்தால் நீர் நிற்கும். நீர் நின்றால் பயிர் காயும். பண்ணையாரின் கிணறு அருந்ததியர் கைவினையில் தொங்கிக்கொண்டிருந்தது எனில் அது வெறும் அணியன்று. அதற்கு அவர் பெற்றது களத்தில் அளக்கும் தானியமும், ஊருக்கு வெளியே குடியிருப்பும், தீண்டாமையும். ஆவாரையைப் போலவே அவரும் ஊர்ப்புறத்தில் நிறுத்தப்பட்டார். செடி இயல்பால் அங்கு நின்றது, மக்கள் நிறுத்தப்பட்டனர். இவ்வேறுபாட்டை உவமை நயத்தில் நாம் மறந்துவிடலாகாது.

நீரின்றி வாழும் செடியின் துவரே கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கம்பும் சோளமும் பருத்தியும் புகையிலையும் அந்நீரில் விளைந்தன. கோவையைப் பஞ்சாலை நகராக்கிய செல்வத்தின் அடியில் பருத்திக்காடும், அதன் அடியில் கிணறும், கிணற்றின் வாயில் ஆவாரம்பட்டை ஏறிய தோலும் இருந்தன.

ஊர்த்தொழிலாக இருந்த தோல் பதனிடல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஏற்றுமதித் தொழிலாயிற்று. சார்லசு டி சூசா என்பார் அக்காலத்தில் முறையைத் திருத்தியமைத்தார் என்பர். சென்னை மாகாணத்துத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இலண்டன் சந்தையில் தனி மதிப்புப் பெற்றது. ஈரோடும் திண்டுக்கல்லும் வாணியம்பாடியும் பல்லாவரமும் இவ்வகையில் வளர்ந்தன. அத்தோலின் தரத்துக்கு ஆவாரம்பட்டையே காரணம் என்று வணிகர் நம்பினர். வறண்ட மாவட்டங்களின் புதர்க்காடுகள் திடீரென விலைபெற்றன. காட்டுத்துறை பட்டை சேகரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. முதல் உலகப்போரில் படைவீரர் காலணிக்காக இத்தோல் பேரளவில் தேவைப்பட, 1916 முதல் அரசே அதனை வாங்கத் தொடங்கியது. ஐரோப்பியப் பதுங்குகுழிகளில் நின்ற காலணிகளின் மேற்றோலில் நம் புறம்போக்கு நிலத்தின் துவர் இருந்தது.

சரிவு மூன்று திசைகளிலிருந்து வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோமியப் பதனிடுமுறையைத் தொடங்கினார். அவர் முன்வைத்த பயன்களுள் முதன்மையானது கவலைத்தோல். குரோமியத் தோல் நீரில் நெடுநாள் உழைக்கும் என்பது அவர் கணிப்பு. 1904இல் வெளிவந்த தோல்தொழில் பற்றிய அவரது தனிநூல் இன்றும் பயன்படுவது. 1910இல் அப்பிரிவு ரேவா அரசுக்கு விற்கப்பட்டது. அடுத்து வந்தது தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை. அதன் துவர் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்டது. போருக்குப் பிந்தைய இருபதாண்டுகளில் அது ஆவாரையைத் தோல் தொட்டிகளிலிருந்து பெரிதும் அகற்றியது. இதில் ஒரு விந்தை: தென்னாப்பிரிக்காவுக்கும் அது சொந்த மரமன்று, ஆசுதிரேலியாவிலிருந்து கொண்டுபோய் நட்டது. அதே மரம் நம் நீலகிரியிலும் நடப்பட்டு, புல்வெளிகளை மூடி, இன்று அகற்ற முடியாத தொல்லையாகியுள்ளது.

மூன்றாவது, மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியது கோவையின் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படுவது. விடுதலைக்குப் பின் கிணறுதோறும் மின்னிறைவை வந்தது. கவலை நின்றது, எருது குறைந்தது, தும்பிக்குத் தேவை இல்லையாயிற்று. அம்மோட்டார்களையும் பம்புகளையும் வார்த்துக் கடைந்து நாடெங்கும் அனுப்பிய பட்டறைகள் மிகுந்த பகுதிகளுள் ஆவாரம்பாளையமும் பீளமேடும் அடங்கும். ஆவாரையின் பெயரைத் தாங்கிய ஊரே ஆவாரம்பட்டையின் பயனை முடித்துவைத்தது. ஊர்ப்பெயர் ஆய்வில் இத்தகைய முரண் அரிதாகவே கிடைக்கும்.

பம்பு வந்தது நன்று. எருதும் மனிதனும் நாளெல்லாம் வாரியில் ஏறி இறங்கிய உழைப்பைப் பொற்காலமாகப் பாடுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அம்மாற்றத்தின் இழப்பு எவர் பக்கம் விழுந்தது என்று கேட்கவேண்டும். நிலமுடையவர் கவலையிலிருந்து மோட்டாருக்கு மாறினார். நிலமில்லாத தோல்வினைஞர் கைவினையிலிருந்து கூலிக்கு மாறினார். சுவீடன் நாட்டு வரலாற்றாசிரியர் குன்னெல் செடர்லோபு 1997இல் வெளியிட்ட நூல், 1900 முதல் 1970 வரை கோவை ஊரகத்தில் மாதாரி மக்கள் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்ததையும் அப்பிணைப்பு அறுந்த விதத்தையும் ஆராய்கிறது. நம் மாவட்டத்தைப் பற்றி உப்சாலாவிலிருந்து ஒருவர் வந்து எழுதவேண்டியிருந்தது. கொங்கு நாட்டு வரலாறு என்னும் தலைப்பில் நாம் எழுதியவை சதகங்களையும் செப்பேடுகளையும் பட்டக்காரர் மரபுகளையும் விரித்துரைக்கின்றன. தும்பி தைத்தவர் அவற்றில் மிகுதியும் இடம்பெறவில்லை. கவலைப்பாட்டைத் தொகுத்த நம் நாட்டுப்புறவியலார் ஏற்றியவன் பாடியதைக் குறித்துக்கொண்டனர். தோலைத் தைத்தவன் என்ன பாடினான் என்று கேட்டுக் குறித்தவர் மிகச் சிலர். அந்நினைவை உடைய முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் இக்காலத்தில் நம் வட்டத்து இளைஞர் அன்னூர், அவினாசி, காங்கயம் பக்கம் சென்று அதனைக் கேட்டு எழுதினால் அடுத்த மலருக்குக் கவிதையைவிடப் பெறுமதியான பக்கங்கள் கிடைக்கும். கவிஞர்கள் பொறுத்தருள்க.

செடியின் இன்றைய நிலையையும் குறிப்பிடவேண்டும். ஆவாரை அழியும் இனமன்று, விதையிட்டால் வரும். அருகிவருவது அது வளரும் நிலம். புறம்போக்கும் கொறங்காடும் மனைப்பிரிவுகளாகின்றன. எஞ்சிய தரிசில் சீமைக்கருவேலும் பார்த்தீனியமும் ஏறியுள்ளன. ஆவாரை இலையுண்டு வளரும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறப்பதை முன்போல் நகரையொட்டிக் காண முடிவதில்லை. கோவையிலேயே 1955இல் அமைந்த இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் உள்ளது. பழைய சென்னை மாகாணத்தின் உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான் காக்கப்படுகிறது. கேம்பிள் தொடங்கிப் பிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூலின் பின்னணியில் நிற்பது அத்தொகுப்பு. சங்கப்பூக்கள் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவியர் அவ்வலுவலக வாயிலை ஒருமுறையேனும் மிதித்தல் வேண்டும்.

பொங்கலுக்கு இரு நாள் முன்னதாக மேட்டுப்பாளையம் சாலைப் பூச்சந்தையில் காப்புக்கட்டுக் கொத்துகள் குவியல் குவியலாக வந்திறங்கும். ஊர்ப்புறத்துப் பெண்கள் விடியலில் ஒடித்துக் கட்டிக் கொண்டுவருபவை அவை. ஆவாரம்பாளையத்தார் பலரும் ஆவாரம்பூவை அங்கேதான் விலைக்கு வாங்குகின்றனர்.